தாளளவு நீரில் தமிழர் கண்ட முதலை

முன்னுரை

நீர்வாழ் உயிர்களுள் அச்சம் தருவன எவை என வினவினால், ஆழ்கடலில் வாழும் திமிங்கிலத்தையும் சுறாவையும் சுட்டுவது உலக இயல்பு. ஆழம் மிகுந்த இடத்திலேயே ஆபத்தும் மிகும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தை மறுக்கும் கற்பனைகளும் உலகில் உள. இன்றைய மாணவர் கைப்பேசியில் ஆடி மகிழும் மாய உலக விளையாட்டுகளிலும் அத்தகைய கற்பனை இடம்பெற்றுள்ளது. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'போக்கிமான்' விளையாட்டில் மேஜிகார்ப் என்றொரு மீன் வருகிறது. தொடக்கத்தில் நீரில் துள்ளுவதன்றி வேறொன்றும் அறியாதது அம்மீன். ஆடுவோர் அதனை எள்ளி நகைப்பர். ஆயின் அது வளர்ந்து இருபதாம் படிநிலையை எய்தியதும் கியாரடோஸ் என்னும் கொடிய பெருநாகமாக உருமாறிவிடுகிறது. அருவியை எதிர்த்தேறிய கெண்டைமீன் டிராகனாக மாறிற்று என்னும் சீனப் பழங்கதையின் சாயலை இதில் காணலாம்.

எளிதென்று எண்ணிய நீரில் எதிர்பாராத பேராற்றல் மறைந்திருத்தல் என்னும் இக்கருத்து நமக்குப் புதியதன்று. சங்கப் புலவர் அதனை முதலையின் வாயிலாக உணர்த்தியுள்ளனர். அவர்களுடைய முதலை கற்பனை விலங்கன்று. ஊர்க்குளத்தில் வாழ்ந்த மெய்யான விலங்கு. தமிழிலக்கியம் காட்டும் அம்முதலையை ஆராய்ந்து, அது நமக்கு இன்று உணர்த்துவது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் வகையும்

தமிழர் நீர்வாழ் பேருயிர்களை நுணுகி நோக்கியவர்கள். நெய்தல் நிலத்துப் பரதவர் சுறாவை அஞ்சினர். அஞ்சியதனாலேயே அதனைப் போற்றவும் செய்தனர். சினைச்சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கொண்டு பரதவர் வழிபட்ட செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை தருகிறது. திமிங்கிலம் என்னும் சொல் வடமொழி வழியாக வந்தது. 'திமி' என்னும் பெருமீனையும் விழுங்கவல்லது என்பது அதன் பொருள்.

கடலுக்குச் சுறா எனின், ஆற்றுக்கும் குளத்துக்கும் முதலை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என்னும் மூன்று பெயர்களும் ஒருங்கே வருகின்றன. இடங்கரையும் கராத்தையும் முதலையின் வகைகளாகக் கொள்வது உரை மரபு. இந்தியாவில் இன்று வாழும் முதலையினங்களும் மூன்றே. அவை சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால் எனப்படும் நீள்மூக்கு முதலை என்பன. மூன்று பெயர்களையும் மூன்று இனங்களோடு பொருத்திவிடும் ஆசை எவருக்கும் எழும். ஆயின் நீள்மூக்கு முதலை வடநாட்டுப் பேராறுகளுக்கே உரியது. தமிழக ஆறுகளுக்கு உரியதன்று. ஆகவே எண்ணொற்றுமை ஒன்றையே சான்றாகக் கொண்டு அவ்வாறு முடிவு செய்தல் ஆய்வு நெறியாகாது. வடிவாலோ பருவத்தாலோ வேறுபட்டவற்றைத் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கும் அளவுக்கு நம் முன்னோர் முதலையை அருகிருந்து கண்டனர் என்று கொள்வதே போதுமானது.

வழியை மறிக்கும் விலங்கு

அகப்பாடல்களில் முதலை பெரும்பாலும் தலைவன் வரும் வழியின் இடையூறாகக் காட்டப்படுகிறது. குறுந்தொகை 324ஆம் பாட்டைப் பாடியவர் கவைமகனார். அதில் தோழி தலைவனிடம் பேசுகிறாள். வளைந்த காலையுடைய ஆண்முதலை, மக்கள் செல்லும் வழியின் போக்குவரவையே அறுத்துவிடும் துறை அது. மீன் கூட்டம் திரியும் அக்கழியைத் தலைவன் தன் அன்பு மிகுதியால் நீந்தி வருகிறான். தலைவியோ தன் பேதைமையால் வருந்துகிறாள். இருவருக்காகவும் தோழி படும் துயருக்கு, இரட்டைப் பிள்ளைகள் நஞ்சுண்ணக் கண்ட தாயின் துயரை உவமையாக்குகிறார் புலவர். எப்பிள்ளைக்காக அழுவது என்றறியாத தாயின் நிலை அது. இவ்வுவமையின் சிறப்பாலேயே இப்புலவர் கவைமகனார் எனப் பெயர்பெற்றார்.

புறப்பாடல்களில் முதலை கோட்டையின் காவலனாகிறது. புறநானூறு 37ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் அழித்த மூதூரின் அகழியை வருணிக்கிறார். நள்ளிரவில் ஊர்காப்போர் கையில் விளக்குடன் செல்கின்றனர். அவ்விளக்கொளி அகழி நீரில் நிழலாக விழுகிறது. அந்நிழலை இரையெனக் கருதி முதலைகள் பாய்ந்து கவ்வுகின்றன. கொடுமையில் மிக்க முதலையும் தோற்றத்தை மெய்யென மயங்கும் நிலையை இங்குக் காண்கிறோம்.

ஔவையாரின் எச்சரிக்கை

முதலை பற்றிய சங்கப் பாடல்களுள் தலையாயது எனத் தக்கது புறநானூறு 104ஆம் பாட்டாகும். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடியது இது. வாகைத் திணையில் அரசவாகைத் துறையில் அமைந்தது. ஆறே அடிகளை உடையது.

ஔவையார் பகைவரின் வீரரை நோக்கிப் பேசுகிறார். உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்குகிறார். அடுத்து அவர் காட்டும் நீர்நிலை அகழியன்று; ஆழ்கழியும் அன்று. ஊர்ச்சிறுவர் இறங்கி விளையாடினால் கலங்கிவிடும் அளவுக்குக் குறைந்த நீர். காலளவே ஆன நீர். அந்நீரிலும் களிற்றை இழுத்து வீழ்த்திக் கொல்லவல்ல கராம் கிடக்கிறது. எம் தலைவன் அத்தகையவன். அவன் ஆற்றிய நுண்ணிய பல செயல்களை எண்ணாமல் இளையவன்தானே என்று இகழ்வீராயின் உங்களுக்கு வெற்றி கிட்டுதல் அரிது என்று முடிக்கிறார்.

இவ்வுவமையின் நுட்பத்தை நாம் நின்று நோக்க வேண்டும். அதியமானின் வலிமைக்குக் கடலையோ மலையையோ உவமை கூறாது, கலங்கிய சிறு நீரைத் தேர்ந்தெடுக்கிறார் புலவர். நீர் ஆழமாயின் எவரும் அஞ்சி ஒதுங்குவர். சிறுவர் ஆடும் நீராதலால் யானையும் அஞ்சாது இறங்குகிறது. சிறுவர் ஆடியதனால் கலங்கிய நீர், உள்ளிருப்பதை மறைக்கவும் செய்கிறது. எனவே யானையை வீழ்த்தியது முதலையின் வலிமை மட்டுமன்று. நீரைக் குறைத்து மதித்த யானையின் எண்ணமும் ஆகும். 'இளையவன்' என்னும் சொல்லைக் கேட்டுப் போருக்கு வந்த பகைவரும் அந்த யானையைப் போன்றவரே.

புறநானூறு 87ஆம் பாட்டிலும் ஔவையார் இதே தலைவனைப் பகைவருக்கு அறிமுகம் செய்கிறார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலுக்கு அவனை அங்கு ஒப்பிடுகிறார். அங்கே வலிமை, உழைப்பாலும் பயிற்சியாலும் உருவாவது. இங்கே வலிமை, பிறர் கண்ணுக்குப் புலனாகாது கிடப்பது. இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கே ஔவையார் வரைந்த அதியமான் முழுமையாகத் தோன்றுவான்.

வள்ளுவரும் ஔவையாரும்

திருக்குறளில் இடனறிதல் அதிகாரத்தின் 495ஆம் குறளும் முதலையைப் பேசுகிறது. ஆழமான நீரில் முதலை பிற உயிர்களை வெல்லும். நீரைவிட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதனை வெல்லும் என்பது அதன் கருத்து.

வள்ளுவர் ஆழ்ந்த நீரையும் ஔவையார் குறைந்த நீரையும் கூறுதலால் இருவரும் முரண்படுகின்றனரோ என்னும் ஐயம் மாணவர்க்கு எழக்கூடும். முரண் இல்லை என்பதே நம் துணிபு. வள்ளுவர் அறிவுரை கூறுவது வலிமையுடைய அரசனுக்கு. அதாவது முதலையின் நிலையில் இருப்பவனுக்கு. உனக்குரிய இடத்தை விட்டு நீங்காதே என்கிறார். ஔவையார் எச்சரிப்பதோ நீருக்குள் இறங்க வருபவனை. நீ காணும் ஆழத்தை நம்பாதே என்கிறார். ஒருவர் வலியோனுக்கு அடக்கத்தைக் கற்பிக்கிறார். மற்றவர் செருக்குற்றோனுக்கு விழிப்பைக் கற்பிக்கிறார். ஒரே விலங்கு இரு திசைகளிலும் அறம் உரைக்கிறது.

விலங்கியல் தரும் சான்று

ஔவையாரின் கூற்று வெறும் புனைந்துரையா என்பதும் ஆராயத்தக்கது. தமிழக நன்னீர் நிலைகளுக்கு உரிய சதுப்புநில முதலை, பேராழத்தைக் காட்டிலும் ஆழம் குறைந்த, ஓட்டம் மெலிந்த நீரையே விரும்புவது. கண்ணும் மூக்குத்துளையும் தலையின் மேற்புறத்தில் அமைந்திருத்தலால் உடல் முழுதும் நீருள் மறைய, அவை மட்டும் வெளியே தெரியக் கிடக்க அதற்கு இயலும். தொண்டையின் முன்னே உள்ள தசைமடிப்பு நீரை உள்ளே விடாது தடுப்பதால் நீருக்கடியிலும் வாய் திறந்து இரையைக் கவ்வும். ஆகவே சிறு நீரில் பெருவிலங்கு மறைந்து கிடத்தல் இயற்கையே. முழு வளர்ச்சியுற்ற களிற்றைக் கொல்லுதல் உயர்வு நவிற்சி எனலாம். நீர்நிலையைப் பற்றிய செய்தியோ நேரிற்கண்ட உண்மை.

அறிஞர் விளாடிமிர் தினெத்சும் அவருடன் ஆய்ந்தோரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு வியப்பைத் தருகிறது. மாமல்லபுரத்திற்கு அணித்தே 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையில், பறவைகள் கூடு கட்டும் காலத்தில் முதலைகள் தம் மூக்கின்மேல் சிறு குச்சிகளைத் தாங்கி அசையாது கிடப்பதை அவர்கள் பதிவு செய்தனர். குச்சி பொறுக்க வரும் கொக்கினம் அவற்றுக்கு இரையாகிறது. எளியதாகத் தோன்றுவதையே முதலை தன் படைக்கலமாக்கிக் கொள்கிறது.

புலவர் கண்ட காட்சியை இன்றைய அறிவால் திருத்திப் படிக்க வேண்டிய இடமும் உண்டு. ஐங்குறுநூற்று மருதப் பாடல்களில் ஓரம்போகியார், தன் பார்ப்பையே தின்னும் அன்பற்ற விலங்கு என முதலையைக் குறிப்பிடுகிறார். பரத்தையிற் பிரிந்த தலைவனின் ஊரைப் பழிக்கும் குறிப்பு அது. முட்டையினின்று வெளிவந்த குஞ்சுகளைத் தாய்முதலை வாயில் மெல்லக் கவ்வி நீருக்கு எடுத்துச் செல்லும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. சதுப்புநில முதலையில் தந்தையும் இப்பணியில் பங்கு கொள்வதுண்டு. பெரிய முதலைகள் பிறவற்றின் குஞ்சுகளைத் தின்பதும் உண்டு. எனினும் வாய்க்குள் குஞ்சு செல்வதைத் தொலைவிலிருந்து கண்டோர், தாயின் காப்பைத் தாயின் கொடுமையாகக் கருதியிருத்தல் கூடும். கொடியதென்று நாம் முடிவு செய்துவிட்ட ஒன்றிடம் அன்பு இருப்பதை நம் கண் எளிதில் காண்பதில்லை.

அவிநாசிக் குளமும் யூனுஸ் நபியின் மீனும்

வீரபாண்டியிலிருந்து திருப்பூரைக் கடந்து வடமேற்கே சென்றால் அவிநாசி. திருப்புக்கொளியூர் என்பது அதன் பழம்பெயர். சுந்தரர் வரலாற்றில் முதலை இடம்பெறும் தலம் இது. ஒரு வீட்டில் மைந்தனின் பூணூல் விழா மங்கல ஒலியும், எதிர்வீட்டில் அழுகை ஒலியும் கேட்டுச் சுந்தரர் வினவுகிறார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளத்தில் நீராடச் சென்றதையும், ஒருவனை முதலை விழுங்கியதையும், பிழைத்தவனுக்கே இன்று விழா என்பதையும் அறிகிறார். அவர் பதிகம் பாட, முதலை அச்சிறுவனை உரிய வளர்ச்சியோடு கரையில் சேர்த்தது எனச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். அது சைவப் பெருமக்களின் நம்பிக்கைக்குரிய வரலாறு. இலக்கிய மாணவர் இங்கு நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஔவையார் பாட்டிலும் சேக்கிழார் பாட்டிலும் முதலை கிடக்கும் நீர், சிறுவர் நாள்தோறும் ஆடும் நீரே. பழகிய நீர் என்பதே அவர்களை அஞ்சாது இறங்கச் செய்தது.

பேருயிர் விழுங்கியவர் மீண்டும் கரை சேர்ந்த வரலாறு திருக்குர்ஆனிலும் உண்டு. தம் மக்களைவிட்டு நீங்கிய யூனுஸ் நபி (அலை) நிறைந்த கப்பலில் ஏறினார்கள். சீட்டுக் குலுக்கலில் அவர்கள் பெயர் வரவே கடலில் விழ, பெருமீன் விழுங்கியது. இருளினூடே இறைவனைத் துதித்து வேண்டினார்கள். இறைவன் அவர்களை வெட்டவெளியான கரையில் சேர்த்து, சுரைக்கொடியொன்றை நிழலாக முளைக்கச் செய்தான். 37ஆம் அத்தியாயம் இதனை விவரிக்கிறது. பின்னர் ஒரு லட்சம் அல்லது அதற்கும் மேற்பட்ட மக்களிடம் அவர்கள் அனுப்பப்பட்டதையும், அம்மக்கள் ஈமான் கொண்டதையும் அங்கேயே காண்கிறோம். மீன் இங்குப் பகையன்று. இறை ஆணைக்குப் பணிந்த ஏவலாளன். திருந்தமாட்டார் என்று எண்ணத்தக்க மக்கள் திருந்தியதே இவ்வரலாற்றின் நிறைவாகும். எவரையும் இவ்வளவினர் என்று அளந்து முடித்தல் மனிதர்க்கு உரியதன்று என்னும் படிப்பினையை இதிலிருந்து பெறுகிறோம்.

அரபு நாட்டுக் கதைகளுள் சிந்துபாத்தின் முதற்பயணமும் இங்கு எண்ணத்தக்கது. மாலுமிகள் தீவென்று கருதி இறங்கி அடுப்பு மூட்டிய இடம், உறங்கிக் கிடந்த பெருமீனின் முதுகு. வெம்மை உறைத்ததும் அது நீரில் மூழ்கியது. தமிழ்ப் புலவரும் அரபுக் கதைஞரும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே உண்மையைத் தொட்டுள்ளனர்.

இன்றைய நொய்யலில்

ஊர்க்குளங்களில் இன்று முதலை இல்லை. திருப்பூர் மாவட்டத்தில் முதலையைக் காண விரும்புவோர் உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணைப் பகுதியில் உள்ள பண்ணைக்குச் செல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1975இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டமும் இல்லையேல் அதுவும் அரிதாகியிருக்கும். ஒருகாலத்தில் மனிதனை அஞ்சவைத்த விலங்கு, இன்று மனிதனின் காப்பில் வாழ்கிறது.

முதலை நீங்கினாலும் ஔவையாரின் எச்சரிக்கை நீங்கவில்லை. நம் நொய்யல் ஆண்டின் பெரும்பகுதியில் காலளவு நீரே ஓடும் சிற்றாறு. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். சாயப்பட்டறைக் கழிவின் நிறத்தைச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரிதும் நீக்கின. கரைந்த உப்பை நீக்கவில்லை. நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, உப்பு தெரியவில்லை. 1992இல் பாசனத்திற்கெனக் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர் தேங்கும் இடமாயிற்று. வயலும் கிணறும் உவர்ப்பேறின. 2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, ஊரின் பிழைப்பே ஆட்டங்கண்டது. கழிவுநீரை முற்றாக மீட்டுப் பயன்படுத்தும் முறை அதன்பின்னரே கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. சிற்றாறுதானே என்று இகழ்ந்ததன் விளைவு இது. களிறு போன்ற தொழிலையும் அச்சிறு நீர் இழுத்து வீழ்த்திற்று.

இளையர் என்று இகழாமை

ஔவையாரின் பாட்டு முடிவில் நீரைப் பற்றியதன்று, இளமையைப் பற்றியது. ஆகவே அதன் பொருள் கல்லூரிக்குள்ளும் நுழைகிறது.

வீரபாண்டியைச் சூழ்ந்த பகுதிகளில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய மாணவர் பலர். பகலில் வகுப்பும் மாலையில் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் வேலையும் என வாழ்வோர் அவர்களுள் உண்டு. வகுப்பில் கடைசி இருக்கையில் கண்ணயரும் மாணவனைக் காணும் ஆசிரியர், அவன் இரவெல்லாம் ஆற்றிய 'நுண்ணிய பல செயல்களை' எண்ணிப் பார்க்க வேண்டும். சமுதாயப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். வாரச் சம்பளத்தைக் கருதி மகனின் படிப்பையும், மணத்தைக் கருதி மகளின் படிப்பையும் இடையில் நிறுத்துவது, ஆழத்தை அறியாமல் நீரை அளப்பதற்கு ஒப்பாகும். ஆணாயினும் பெண்ணாயினும் கல்வி தேடுதல் கடமை என்பதை அறிந்த சமுதாயம் இப்பிழையைச் செய்யலாகாது.

மாணவர்க்கும் இப்பாட்டு ஓர் எச்சரிக்கை உடையது. இன்று ஒருநாள் ஓவர்டைம், நாளை ஒரு தேர்வு தவறுதல் என்று தொடங்குவது காலளவு நீரே. கூலி கையில் விழுவதால் அந்நீர் இனிதாகவும் தோன்றும். சில திங்களில் அது படிப்பையே உள்ளிழுத்துக் கொள்வதைப் பார்த்து வருகிறோம். இறங்கும் முன் நீரின் கலக்கத்தை நோக்குதல் அறிவுடையோர் செயல்.

முடிவுரை

முதலையைத் தமிழிலக்கியம் ஒரே முகத்தில் காட்டவில்லை என்பதையும், வழியை மறிப்பதாகவும் கோட்டையைக் காப்பதாகவும் நிழலைக் கண்டு மயங்குவதாகவும் தலைவனின் ஆற்றலுக்கு உவமையாகவும் அது அமைகிறது என்பதையும் மேலே கண்டோம். இவற்றுள் ஔவையாரின் முதலையே எல்லாக் காலத்திற்கும் பொருந்துவது. ஆபத்தும் ஆற்றலும் ஆழத்தில் மட்டுமே உறைவன அல்ல. நாம் குறைத்து மதிப்பிட்ட இடத்தில் அவை மிகுதியாக உறையும் என்பதே அப்பாட்டின் பிழிவு. சிற்றாறாயினும் சிறு பிள்ளையாயினும் அளந்தறியுமுன் இகழாமை நமக்கு வேண்டும். அத்தகைய தெளிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.